திங்கட்கிழமை வயிற்றுவலி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். செல்லம் கூடிவிட்டது, செல்போன் கெடுத்துவிட்டது, அடியாத மாடு படியாது. சுருக்கிச் சொன்னால் அவ்வளவுதான் கடிதம். பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதைப் படித்துவிட்டு மறுநாள் காலை எத்தனை வீட்டில் பெல்ட்டைக் கையில் எடுத்தார்களோ என்று நினைத்தபோது பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஆசிரியன் இல்லை. கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். டி.பார்ம். முடித்த காலத்திலிருந்து கவுன்டருக்கு உள்பக்கம் நின்றே தலை நரைத்துவிட்டது. பள்ளிக்கூட விஷயம் இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 'ஆப்சென்ட்' போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அந்தப் பிள்ளையின் அம்மா எங்கள் கடைக்கு வந்துவிடுகிறார். அந்த வகையில்தான் தெரியும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரம், காலாண்டு லீவு முடிந்த மறுநாள், பொங்கல் கழிந்த பிறகு, அப்புறம் சாதாரணத் திங்கட்கிழமைகள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே யாராவது நிற்பார்கள். "அண்ணாச்சி, பிள்ளைக்கு வயித்த வலிக்குதாம். வேன் வர்ற நேரம். சட்டுன்னு நிக்கிற மாதிரி ஏதாச்சும் குடுங்க." சிலர் கையில் பழைய மருந்துச் சீட்டு இருக்கும். வயிற்றுப் பிடிப்புக்கு டைசைக்ளோமைன், அமிலத்துக்குப் பாண்டோபிரசோல், குமட்டலுக்கு ஒண்டான்செட்ரான், பூச்சிக்கு அல்பெண்டசோல். அடுத்த மாதம் வேறு டாக்டர், வேறு சீட்டு, கிட்டத்தட்ட அதே மருந்து.

நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்பேன். காய்ச்சல் இருக்கிறதா, வயிற்றுப்போக்கு உண்டா, எங்கே வலிக்கிறது. இப்போதெல்லாம் இன்னொன்றும் கேட்கிறேன். "நேத்து ஞாயித்துக்கிழமை வலிச்சுதா?" பெரும்பாலான அம்மாக்கள் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். "இல்லையே, நேத்து சாயங்காலம் வரைக்கும் தெருவுல கிரிக்கெட் விளையாண்டான்." அப்போது எனக்குப் பாதி புரிந்துவிடும். (மீதிப் பாதி முக்கியம். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல் எதுவாக இருந்தாலும் கிழமை பார்க்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்துக்கடைக்காரன் சொன்னான் என்று யாரும் வீட்டிலேயே முடிவு கட்டிவிட வேண்டாம்.)

ஞாயிற்றுக்கிழமை வலிக்காதது திங்கட்கிழமை வலிக்கிறது என்றால் பிள்ளை நடிக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த ஆசிரியரும் அப்படித்தான் எழுதியிருந்தார். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். வலி நிஜம். பயம் வந்தவுடன் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைத் தொடங்கிவிடும். இதயம் படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்பும். இரைப்பை காலியாவது தாமதப்படும், அதனால் குமட்டல். பெருங்குடலோ அவசரப்படும், அதனால் வேன் வரும் நேரத்தில் மூன்றாவது தடவையாகக் கழிப்பறை. குடலுக்கென்றே கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. மூளை பயந்தால் அவை சும்மா இருக்காது. நாமும் பரீட்சை அன்றைக்கு, பெண் பார்க்கப் போன அன்றைக்கு, இதில் கொஞ்சம் அனுபவித்தவர்கள்தான். அந்தப் பிள்ளைக்கு இது தினமும் காலையில் நடக்கிறது, பத்து மடங்காக.

டைசைக்ளோமைன் குடல் இறுக்கத்தைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். பயத்துக்கு அது என்ன செய்யும்?

இன்னொரு குழப்பமும் அந்தக் கடிதத்தில் இருந்தது. 'கட்' அடிக்கிற பிள்ளையையும் பயந்து வீட்டில் கிடக்கிற பிள்ளையையும் ஒரே கணக்கில் சேர்த்திருந்தார். கட் அடிப்பவன் யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸ் எடுத்து, சிரித்துக்கொண்டே கிளம்பிப் போவான், பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டான், வீட்டுக்குத் தெரியாது. நான் சொல்கிற பிள்ளை வீட்டிலேயே இருக்கும். அம்மா அப்பா இருவருக்கும் தெரியும். பெரும்பாலும் படிக்கிற பிள்ளையாக, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக இருக்கும். முதல் நாள் ராத்திரி டைம்டேபிள் பார்த்துப் பையை அடுக்கி வைக்கும், வீட்டுப்பாடம் முடித்திருக்கும், "நாளைக்குக் கண்டிப்பாப் போறேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கும். சொல்லும்போது அது பொய் இல்லை. காலையில்தான் முடியாமல் போகிறது.

என் தங்கை மகனைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கரிசல்காட்டுக் கிராமம் ஒன்றில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐந்தாவது வரை படித்தான். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரு கை எண்ணிக்கையில் ஆசிரியர்கள், எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பள்ளி. ஆறாவதுக்கு டவுனில் ஒரு தனியார் பள்ளியில், ஆங்கில வழியில், நகையை அடகு வைத்துச் சேர்த்தார்கள். திடீரென்று பாடத்துக்கு ஒரு ஆசிரியர், பீரியடுக்கு ஒரு மணி, நூற்றுக்கணக்கான முகம். ஆறாவதை எப்படியோ ஓட்டிவிட்டான். ஏழாவதில் ஒரு நாள் ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'ஐலேண்ட்' என்பதை எழுத்துக்கூட்டி 'இஸ்லாண்ட்' என்று வாசித்திருக்கிறான். வகுப்பு சிரித்தது. இன்னொரு தடவை வாசி என்றிருக்கிறார் ஆசிரியை. பயத்தில் அதையேதான் மறுபடியும் வாசித்தான். அன்றிலிருந்து வேனில் அவன் பெயர் இஸ்லாண்ட்.

இது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் வயிற்றுவலிதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பேச்சு குறைந்துவிடும். தங்கை யூனிஃபார்மை அயர்ன் பண்ண எடுத்தால் அந்த அறையிலிருந்து எழுந்து போய்விடுவான். திங்கள் காலை குளிப்பான், உடுத்துவான், ஷூ போடுவான், இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருப்பான். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான். வெளியே தங்கை கெஞ்சுவாள். உள்ளே வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கும். வேன் இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகும். பத்து மணிக்கெல்லாம் பையன் எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்பான். அந்தப் பத்து மணிச் சோறுதான் என் மச்சானுக்கு ஆகாது. "பாத்தீங்களா மாப்ள, வேன் போனதும் சரியாப்போச்சு! இவன் நம்மள ஏமாத்துறான்." ஒரு நாள் கதவை உதைத்துத் திறந்து, தரதரவென்று இழுத்துப் போய் வேனில் ஏற்றினார். பையன் வேனுக்குள்ளேயே வாந்தி எடுத்தான். மறுநாள் டிரைவர் ஹாரனே அடிக்கவில்லை, நேராகப் போய்விட்டார்.

அப்புறம் வழக்கமான சுற்று. குழந்தைகள் டாக்டர், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் வயிற்றுக்குள் நெறிக்கட்டிகள் சற்றே பெரிதாக இருப்பதாக ஒரு வரி. இந்த வயதுப் பிள்ளைகளை ஸ்கேன் எடுத்தால் இது சாதாரணமாகத் தென்படுகிற விஷயம். ஆனால் கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் ஓடியது. அவனுடைய ஆச்சி தண்ணீர் மந்திரித்து வாங்கி வந்தார், கழுகுமலைக்கு வேண்டிக்கொண்டார். இதற்கிடையில் நாட்கள் ஓடின, நோட்டு எழுதாத பாடம் மலையாகச் சேர்ந்தது. இனி போனாலும் ஒன்றும் புரியாது என்ற பயமும் பழைய பயத்தோடு கூடிக்கொண்டது.

ஒரு நாள் மச்சான் கடைக்கே வந்து, ராத்திரி தூங்க வைக்க ஒரு மாத்திரை கேட்டார். அவர் மட்டும் இல்லை, வேறு பெற்றோரும் கேட்கிறார்கள். அல்ப்ரஸோலம் மாதிரி மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுப்பது சட்டப்படி குற்றம். தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டிய மருந்து அது. சட்டம் கிடக்கட்டும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்துப் பழக்குவது கொடுமை. கொடுக்கவில்லை. மறுநாள் கடையை என்னோடு கடையில் நிற்கும் பையனிடம் விட்டுவிட்டு அவர்களைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மனநலப் பிரிவு என்ற போர்டைப் பார்த்ததும் தங்கை முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டாள். ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால் நாளைக்குப் பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்களாம். அவனுக்கு வயது பன்னிரண்டு!

டாக்டர் அம்மா எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். இஸ்லாண்ட் கதை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. பிறகு எங்களைக் கூப்பிட்டார். புதிதாக ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. என் மச்சானைப் பார்த்துத்தான் முதலில் பேசினார். "வேன் போனதும் வலி நிக்கிறதாலதான் இது பயம்னு தெரியுது. நடிக்கிறான்னு இல்ல. பயம் போனா வலி போகும்ல?" என்றார். மச்சானிடம் பதில் இல்லை.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பயந்து வீட்டில் இருந்துவிடுவது வட்டிக்கு வாங்கிய பணம் மாதிரி. வேன் போன அந்த நிமிஷம் நிம்மதி கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் மறுநாள் காலை பயம் வட்டியோடு வந்து நிற்கும். தப்பித்தால் நிம்மதி கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டால் ஒவ்வொரு நாளும் கிளம்புவது முந்தின நாளைவிடக் கடினமாகும். அதனால், "பாவம், நல்லா ஆனதும் போகட்டும்" என்று மாசக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பதும் உதவாது. இழுத்துப் போய் வேனில் போடுவதும் உதவாது. சீக்கிரம் திரும்ப வேண்டும், ஆனால் படிப்படியாகத் திரும்ப வேண்டும்.

அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் பயத்துக்கு மார்க் போடச் சொன்னார், நூற்றுக்கு எவ்வளவு என்று. யூனிஃபார்ம் போடுவதற்கு இருபது. வேனுக்கு அறுபது. கேட்டுக்குள் நுழைவதற்கு எழுபது. ஆங்கிலப் பீரியடுக்குத் தொண்ணூற்றைந்து. கணக்கு வகுப்புக்கு வெறும் பத்து என்று போட்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் டாக்டர் சிரித்தார். மார்க் குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும், ஒன்று பழகி மார்க் இறங்கிய பிறகு அடுத்தது. முதலில் சாயங்காலம் ஆளில்லாத நேரத்தில் அப்பாவோடு பள்ளி மைதானத்தைச் சுற்றி வருவது. அப்புறம் வேன் வேண்டாம், அப்பாவின் பைக்கில் போய் முதல் ஒரு மணி நேரம் மட்டும் பள்ளியில் இருந்துவிட்டு வருவது. அப்புறம் கணக்குப் பீரியட். இப்படி.

வீட்டுக்கும் விதி போட்டார். பள்ளி நேரத்தில் வீட்டில் இருந்தால் டிவி கிடையாது, போன் கிடையாது, திட்டும் கிடையாது. புத்தகம் மட்டும். காலையில் "வலிக்குதா, வலிக்குதா" என்று பத்துத் தடவை கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் தங்கைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்றார். பெரிய பிள்ளைகளுக்கு, பயம் ரொம்ப முற்றியவர்களுக்குச் சில சமயம் மாத்திரை தேவைப்படும், அதை நாங்கள் பார்த்துச் சொல்வோம் என்றும் சொன்னார்.

இதுவரைக்கும் குடும்பக் கதை. நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கான காரணம் இனிமேல்தான் வருகிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு பள்ளிக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். "இப்படி ஒரு மணி நேரம், அரை நாள்னு வர்றதுக்கெல்லாம் எங்ககிட்ட சிஸ்டம் இல்ல சார். ஒண்ணு ஒழுங்கா அனுப்புங்க, இல்லேன்னா டி.சி. வாங்கிக்கங்க." கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவர் பதிவேட்டில் உண்மையிலேயே இடம் இல்லை. பிள்ளை வந்திருக்கிறது அல்லது வரவில்லை, இரண்டே கட்டம். கைகால் ஒடிந்து கட்டுப் போட்ட பிள்ளைக்கு மாடி வகுப்பைக் கீழே மாற்றிக் கொடுப்பார்கள், அம்மை போட்டால் லீவு கொடுப்பார்கள். பயத்தில் இருக்கிற பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். 2009ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாவது வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று அதில் இருக்கிறது. உடலைத் தண்டிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. பெல்ட்டைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் அந்தப் பிரிவை ஒரு தடவை படிக்கலாம். சட்டத்தைக் காட்டியதும் முகங்கள் இறுகின. காரியம் அதனால் நடக்கவில்லை. நடந்தது பி.டி. வாத்தியாரால். ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "என் ரூம்ல இருக்கட்டும் சார். பந்துக்குக் காத்தடிக்க ஆள் இல்லாமத்தான் இருக்கேன்" என்றார். அப்படித்தான் என் மருமகன் பள்ளிக்குள் திரும்ப நுழைந்தான், கையில் பம்ப்போடு. அதற்கப்புறம் கணக்கு. அப்புறம் மதியம் வரைக்கும். ஆங்கில ஆசிரியை அந்தப் பருவம் முடியும் வரை அவனை எழுப்பி வாசிக்கச் சொல்லவில்லை. இடைவேளையில் தன் மேஜைக்குக் கூப்பிட்டுத் தனியாக வாசிக்க வைத்தார். அவர் நினைத்திருந்தால் வீம்பு பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை.

இப்போது எட்டாவது படிக்கிறான். போகிறான். லீவு முடிந்து திறக்கிற நாட்களில் பாத்ரூம் தாழ் மறுபடி விழுவதுண்டு. அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. வேனில் இன்னும் ஏற மாட்டேன் என்கிறான். மச்சான்தான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார், முணுமுணுத்துக்கொண்டே.

என் மருமகனுக்கு மாமா மருந்துக்கடை வைத்திருக்கிறான், வழி தெரிந்தது. தீப்பெட்டி ஆலைக்குக் காலை ஏழு மணிக்குப் போகிற அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த வீட்டில் இந்தப் பிள்ளைக்கு வைக்கிற பெயர் 'படிப்பு ஏறல'. கொஞ்ச நாளில் அதுவும் ஏதாவது ஒரு வேலைக்குப் போய்விடும். இடைநிற்றல் பட்டியலில் ஒரு எண் கூடும். ஏழ்மையால் நின்றது என்று எழுதுவார்கள். பாதி உண்மைதான்.

இது செல்போன் காலத்து நோய் என்பதும் சரியில்லை. பள்ளிக்குப் போகப் பயப்படும் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1941லேயே எழுதியிருக்கிறார்கள். அப்போது டிவிகூட வீட்டுக்கு வரவில்லை. ஜப்பானில் இதை அரசாங்கமே எண்ணுகிறது. நோயோ வறுமையோ காரணமில்லாமல் ஆண்டுக்கு 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. 2023ஆம் கல்வியாண்டில் அங்கே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மட்டும் 3,46,482 பிள்ளைகள். ஒழுக்கத்துக்குப் பெயர்போன நாடு அது, பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிற நாடு. அங்கேயே இப்படி என்றால் இதை அடியால் தீர்க்கலாம் என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது? நம் ஊரில் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு ஏதும் என் கண்ணில் பட்டதில்லை. 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. நாற்பது பேர் வகுப்பு என்றால் சராசரியாக மூன்று பேர். எந்த மூன்று பேர் என்று வகுப்பாசிரியருக்குத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. எல்லாப் பயமும் பிள்ளையின் மனசுக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை. வெளியே நிஜமாகவே புலி நிற்கும்போது பயப்படாதே, படிப்படியாகப் பழகு என்று சொல்வது அநியாயம். எங்கள் பக்கத்து மாவட்டத்தில், நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சாதி சொல்லிச் சீண்டியதால் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பிளஸ் டூ மாணவனிடம், ஏன் வரவில்லை என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. புகார் கொடுத்ததும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பையன் பள்ளிக்கு வராததே முதல் புகார். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே முன்பே இருந்திருந்தால்? டாக்டர் அம்மா என் மருமகனிடம் தனியாகப் பேசியபோது முதலில் கேட்டதே, யாராவது அடிக்கிறார்களா, தொடுகிறார்களா, சாதி சொல்லித் திட்டுகிறார்களா என்பதைத்தான். அந்தக் கேள்விகளுக்கு இல்லை என்று பதில் வந்த பிறகுதான் மார்க் போடும் தாளை எடுத்தார். அப்படி ஏதாவது இருந்தால் திருத்த வேண்டியது பிள்ளையை அல்ல.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சாதிப் பிரச்சினையை மனதில் வைத்துச் சொன்ன பரிந்துரை அது. ஆனால் நான் சொல்கிற பிள்ளைக்கும் அதே ஆள்தான் தேவை. பாடம் நடத்தாத, மார்க் கேட்காத, ஒரு அறையும் இரண்டு நாற்காலியும் வைத்திருக்கிற ஒரு பெரியவர். இல்லாத பள்ளிகளில் எல்லாம் பி.டி. வாத்தியாரின் நல்ல மனசை நம்பி இருக்க முடியுமா?

அதுவரை பள்ளிக் கல்வித் துறை செலவில்லாமல் ஒரு காரியம் செய்யலாம். மனநல மருத்துவரின் கடிதம் இருந்தால், சில வாரங்களுக்கு ஒரு மணி நேரமோ அரை நாளோ வந்து போகிற பிள்ளையை 'வருகை' என்று பதியலாம் என்று ஒரு சுற்றறிக்கை. தனியார் பள்ளிகளையும் அது கட்டுப்படுத்த வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்திருந்தால் எங்களிடம் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னவரே மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்திருப்பார். தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வருகிற கிழமையை ஒவ்வொரு பள்ளி அறிவிப்புப் பலகையிலும் எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. பாளையங்கோட்டை பஸ்ஸுக்கும் ஒரு நாள் கூலிக்கும் கணக்குப் பார்க்கிறவர்கள் உள்ளூரிலேயே காட்டிக்கொள்வார்கள்.

குழந்தைகள் டாக்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாலாவது தடவை வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைக்கு அடுத்த ஸ்கேன் எழுதுவதற்கு முன்னால், லீவு நாளில் வலிக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடமும் கேளுங்கள். என் கடையில் வியாபாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

14416 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல், எந்த நேரமும், தமிழிலேயே மனநல ஆலோசனை கேட்கலாம். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. என் கவுன்டருக்கு வரும் பெற்றோரில் பலருக்கு இது தெரியவில்லை. மாத்திரை கவரின் பின்பக்கம் நானே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பொதுத்தேர்வு சமயத்தில் தாங்கள் வெளியிடும் மாதிரி வினாத்தாள் பக்கத்தின் மூலையில் அந்த எண்ணை ஒரு சின்னக் கட்டத்தில் போட்டால் என் கவரைவிட அதிகம் பேருக்குப் போய்ச் சேரும்.

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறப்பதற்கு முன் இக்கடிதத்தைப் பிரசுரித்தால் உதவியாக இருக்கும். நீளம் கருதிக் குறைக்க வேண்டியிருந்தால் என் மருமகன் கதையைக் குறைத்துக்கொள்ளுங்கள், சுற்றறிக்கை விஷயத்தை விட்டுவிடாதீர்கள். அவனை யாரும் அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால் என் பெயரையும் கடையின் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
கோவில்பட்டி.